பழைய டிராம்போன் வாங்கும் முன் ஸ்லைடைக் கழற்றிப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

காற்றுக் கருவிகளைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் டிராம்போன்காரர்களின் கடிதங்களே அதிகம். எல்லோரும் சில வருடம் வாசித்துப் பழகியவர்கள், அடுத்த தரத்துக்குப் போக நினைப்பவர்கள், புதுக் கருவியின் விலையைப் பார்த்துவிட்டுப் பழையதைத் தேடத் தொடங்கியவர்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் டெனர் டிராம்போனுக்கே.

கேள்வி: என் மகள் பள்ளி பேண்டில் யமஹா 354 வாசிக்கிறாள். அடுத்த வருடம் பல்கலைக்கழக இசைத் துறைக்கு ஆடிஷன் இருக்கிறது. பெரிய போர் உள்ள, எஃப் அட்டாச்மென்ட், அதாவது சுருதியை இறக்கும் கூடுதல் குழாயும் வால்வும், வைத்த கருவி வேண்டும் என்கிறார் ஆசிரியர். பாக் 42பி ஒன்றும் கான் 88எச் ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்திருக்கின்றன. எதை எடுக்கலாம்? (ஸ்கார்பரோவிலிருந்து ஒரு தாய்)

பதில்: ஆசிரியர் சொன்னது சரிதான். மகள் வாசிக்கும் 354இன் போர், அதாவது சுரம் மாற்றக் கையால் இழுத்து நீட்டும் ஸ்லைடு குழாயின் உள் விட்டம், 12.7 மி.மீ. நீங்கள் சொல்லும் இரண்டு கருவிகளுக்கும் 0.547 அங்குலம், ஏறக்குறைய 13.9 மி.மீ. பெல், அதாவது முன்னால் விரியும் பகுதி, அதன் வாயும் 8 அங்குலத்திலிருந்து எட்டரை அங்குலமாகிறது. எண்ணாகப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான், ஆனால் ஊதிப் பார்த்தால் முதல் வாரம் மூச்சு எங்கே போகிறது என்றே தெரியாது. சிம்பொனி இசைக்குழுக்களில் டெனர் வாசிப்பவர்கள் பெரும்பாலும் இந்த அளவைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆடிஷனில் உட்காருபவர்களின் காதும் அந்த ஒலிக்குப் பழகியது. ஆகவே ஆடிஷனுக்கு முந்தின மாதம் வாங்கிக் கொடுக்காதீர்கள். இப்போதே வாங்குங்கள், மூச்சும் உதடும் பழக மாதங்கள் ஆகும்.

இரண்டில் எது என்றால், குணம் வேறு வேறு. 42பிக்கு வழக்கமாக மஞ்சள் பித்தளை பெல். ஒலி கெட்டியாக, நடுவில் ஒரு திடத்தோடு வரும், உரக்க வாசித்தாலும் உருக்குலையாமல் நிற்கும். 88எச்சுக்கு ரோஸ் பிராஸ் பெல், செம்பு அதிகம். மெதுவாக வாசிக்கும்போது ஒலி அகலமாகவும் இதமாகவும் இருக்கும், அழுத்தினால் சீக்கிரமே பளீரென்று மாறும். இது ருசி சம்பந்தப்பட்டது, ஒன்று மட்டம் ஒன்று உயர்வு என்றில்லை.

விற்பவர்கள் 88எச்சுக்கு "எல்கார்ட்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக் கூடுதல் விலை கேட்பார்கள். இந்த மாடல் 1954இல் வந்தது. அப்போது கான் தொழிற்சாலை இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரில் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் டெக்சாஸின் அபிலீனுக்குப் போனது, 1980களின் பிற்பகுதியில் ஒஹையோவின் ஈஸ்ட்லேக்குக்குப் போனது. முதல் காலத்துக் கருவிகளுக்கு மதிப்பு அதிகம், அபிலீன் காலத்தவற்றைப் பலர் ஒதுக்குவார்கள். ஆனால் பாக் கருவியில் எல்கார்ட் என்று பொறித்திருந்தால் அதற்கு அந்த மதிப்பு கிடையாது. பாக் நிறுவனமே 1960களின் நடுவில் நியூயார்க் பக்கத்து மவுண்ட் வெர்னனிலிருந்து எல்கார்டுக்கு வந்துவிட்டது, அதற்குப் பிறகு வந்த கருவிகளில் அந்த ஊர்ப் பெயர் இருப்பது சாதாரணம். பாக் வாங்குபவர்கள் தேடி அலைவது மவுண்ட் வெர்னன் என்று பொறித்ததை.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தீர்ப்பு: எதன் ஸ்லைடு நன்றாக இருக்கிறதோ அதை எடுங்கள். பேர்பெற்ற வருடத்துக் கருவியாக இருந்தும் ஸ்லைடு இழுத்தால் உங்கள் மகள் வேகமான பகுதிகளில் கருவியோடு சண்டை போடுவாள். அபிலீனிலிருந்து வந்திருந்தும் ஸ்லைடு வழுக்கிக்கொண்டு போனால் அவள் இசையைக் கவனிப்பாள். ஊரும் வருடமும் விலை பேசுவதற்கு உதவும், வாசிப்பதற்கு உதவாது.

இரண்டு சின்ன விஷயங்கள். 354இன் மவுத்பீஸ் சிறிய ஷாங்க் (கருவிக்குள் செருகும் முனை) உள்ளது, இந்தக் கருவிகளில் சரியாகப் பொருந்தாது. பெரிய ஷாங்க் மவுத்பீஸ் ஒன்றுக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள், பாக் 5ஜி அல்லது ஆறரை ஏஎல் தொடங்குவதற்கு நல்ல அளவு. அப்புறம், எஃப் வால்வைத் திருப்பும் கட்டைவிரல் டிரிக்கரை அழுத்தினால் கருவி எஃப் சுருதிக்கு இறங்கும், குழாய் நீளமாகிவிடுவதால் ஸ்லைடில் ஏழு நிலைகளுக்கு இடம் போதாது, ஆறுதான் கிடைக்கும். கீழ் பி நேச்சுரல் வராது. அது கருவியின் குறை அல்ல, எஃப் அட்டாச்மென்ட் உள்ள எல்லா டெனருக்கும் அப்படித்தான். எஃப் ட்யூனிங் ஸ்லைடை வெளியே இழுத்து ஈ சுருதிக்குத் தாழ்த்தினால் வரும். அந்த ட்யூனிங் ஸ்லைடு இறுகிப் போகாமல் நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: விற்பவர் வீட்டுக்கே போய்ப் பார்க்கப் போகிறேன். வாசிக்க நன்றாகத் தெரியும், பள்ளிக் காலம் முதல் வாசிக்கிறேன். ஆனால் ஸ்லைடு நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணெய் போட்டு வைத்திருந்தால் எல்லாமே வழுக்குகிறதே. (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: எண்ணெய் விஷயத்தை நீங்களே பிடித்துவிட்டீர்கள். போகும்போது சுத்தமான மெல்லிய துணி ஒன்று, உங்கள் மவுத்பீஸ், நீங்கள் வழக்கமாகப் போடும் ஸ்லைடு கிரீமோ திரவமோ, ஒரு சின்ன டார்ச், இவ்வளவும் எடுத்துப் போங்கள். கூட ஒருவர் வந்தால் இன்னும் நல்லது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் விற்பவரிடம் அனுமதி கேட்டு வெளி ஸ்லைடைக் கழற்றி, உள் குழாய்கள் இரண்டையும் துணியால் துடைத்துவிடுங்கள். பழைய எண்ணெய் போனால்தான் உண்மை தெரியும். உள் குழாய்களுக்குக் குரோம் முலாம் பூசியிருக்கும், டார்ச் அடித்து நீளவாக்கில் பாருங்கள். கண்ணாடி மாதிரி ஒரே சீராக இருக்க வேண்டும். மங்கலான நீளக் கோடுகள் உராய்வின் அடையாளம். முலாம் உரிந்து கீழே பித்தளை மஞ்சளாகத் தெரிந்தால், அல்லது கருப்புப் புள்ளிகளாகக் குழி விழுந்திருந்தால் வாங்க வேண்டாம் என்பேன். முலாம் போன குழாயை மெருகேற்றிச் சரிசெய்ய முடியாது, உள் குழாயையே மாற்றவோ மறுபடி முலாம் போடவோ வேண்டும், இரண்டும் செலவு. முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம் அடிப்பகுதி. அங்கே சில அங்குல நீளத்துக்குக் குழாய் கொஞ்சம் தடித்திருக்கும், ஸ்டாக்கிங் என்பார்கள். வெளிக்குழாயை உரசுவது பெரும்பாலும் அந்தப் பகுதிதான், தேய்வதும் அங்கேதான்.

அடுத்து ஒற்றைக் குழாய்ச் சோதனை. இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் மிச்சம். வெளி ஸ்லைடைத் திருப்பிப் பிடித்து, மேல் உள்குழாயை மட்டும் அதற்குரிய வெளிக்குழாயில் விட்டு மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள், மற்ற குழாய் வெளியே பக்கவாட்டில் நிற்கட்டும். அப்புறம் கீழ்க்குழாயை மட்டும். இரண்டும் தனித்தனியாக நன்றாக ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் இழுக்கிறது என்றால் குழாய்களில் கோளாறில்லை, அவை ஒன்றுக்கொன்று இணையாக இல்லை, அவ்வளவுதான். ஸ்லைடு வேலை தெரிந்தவர் அதைச் சரிசெய்துவிடுவார், அதைக் காட்டி விலையும் குறைக்கலாம். ஆனால் ஒற்றைக் குழாயே ஓரிடத்தில் தடுக்கினால் அந்த இடத்தில் வெளிக்குழாய் நசுங்கியிருக்கிறது, அல்லது உள்குழாய் வளைந்திருக்கிறது, அல்லது உள்ளே அரிப்பு இருக்கிறது. வெளிக்குழாயின் சுவர் மிக மெல்லியது, பேனா விழுந்தால்கூட ஒடுங்கும். அந்த ஒடுக்கு கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்குத் தெரியும். நகத்தை வைத்துக் குழாய் நெடுக மெதுவாக வருடிப் பாருங்கள். சின்ன ஒடுக்கை எடுத்துவிடலாம். வளைவு, அரிப்பு இரண்டும் இருந்தால் வேறு கருவி பாருங்கள்.

மூன்றாவது, காற்று கசிகிறதா என்று பார்ப்பது. நன்றாக வழுக்கும் ஸ்லைடு சில சமயம் தேய்ந்து தளர்ந்து போனதால் வழுக்கும், அதைப் பிடிக்க இந்தச் சோதனை. ஸ்லைடை பெல்லிலிருந்து பிரித்து, லாக்கைத் திறந்து, வளைவு கீழே தொங்கும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். மவுத்பீஸ் போகும் துளையை உள்ளங்கையாலும் மறுமுனையை விரலாலும் அடைத்தால் வெளி ஸ்லைடு அப்படியே நிற்க வேண்டும், அல்லது மிக மெதுவாக இறங்க வேண்டும். கையை எடுத்ததும் தன் எடையிலேயே சரேலென்று விழ வேண்டும். கூட வருபவர் வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான், கீழே ஒரு கை தாங்கத் தயாராக இருக்கட்டும், இல்லாவிட்டால் விற்பவர் வீட்டுத் தரையில் அவருடைய ஸ்லைடைப் போட்டுவிடுவீர்கள். அடைத்தும் மளமளவென்று இறங்கினால் முதலில் எச்சில் வால்வின் கார்க்கைச் சந்தேகியுங்கள். அதை விரலால் அழுத்திக்கொண்டு மறுபடி செய்யுங்கள். நின்றுவிட்டால் கார்க் மாற்றினால் போதும், சில்லறைக் காசு வேலை. அப்படியும் நிற்கவில்லை என்றால் குழாய்கள் தேய்ந்துவிட்டன.

சரி, இப்போது உங்கள் சொந்த கிரீமைத் தடவிப் பூட்டி வாசியுங்கள். உங்கள் மவுத்பீஸில்தான் வாசிக்க வேண்டும், அவர் கொடுப்பதில் அல்ல. ஒலியைக் கேட்கும் ஆசையில் எல்லோரும் முதலில் பெரிதாக ஊதுவார்கள். நான் சொல்வது, மிக மெதுவான ஒலியில் நீண்ட சுரங்கள், அதுவும் கீழ் எஃப்பிலிருந்து மேல் பி ஃபிளாட் வரை. கசிவும் கோளாறும் உள்ள கருவி மெதுவாக வாசிக்கும்போது மாட்டிக்கொள்ளும், ஏதாவது ஒரு சுரம் மட்டும் தடுமாறும், அல்லது தாமதமாகப் பேசும். அந்தச் சுரத்தைக் குறித்துக்கொண்டு ஸ்லைடை வேறு நிலையில் வைத்து அதே சுரத்தை எடுத்துப் பாருங்கள்.

சுருதியில் ஒரு விஷயம் கவனியுங்கள். இயற்கைத் தொடரில், அதாவது ஸ்லைடை அசைக்காமல் உதட்டாலேயே எடுக்கும் சுரங்களின் வரிசையில், ஐந்தாவது சுரமான டி கொஞ்சம் தாழ்ந்து வரும், ஆறாவது எஃப் கொஞ்சம் உயர்ந்து வரும், ஏழாவது ஏ ஃபிளாட் முதல் நிலையில் வாசிக்க முடியாத அளவுக்குத் தாழும். எல்லா டிராம்போனிலும் இப்படித்தான், காதும் கையும் பழகிக்கொள்ளும். உயர்ந்து நிற்கும் சுரத்தை ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே தள்ளி இறக்கிவிடலாம். முதல் நிலையில் தாழ்ந்து நிற்கும் சுரத்தை உயர்த்த ஸ்லைடை அதற்கு மேல் உள்ளே தள்ள இடமில்லை. ஆகவே அந்த டி எவ்வளவு தாழ்கிறது என்பதைத்தான் ட்யூனர் வைத்துப் பார்க்க வேண்டும். உதட்டால் சுலபமாகத் தூக்க முடிந்தால் சரி. அதேபோல முக்கிய ட்யூனிங் ஸ்லைடை முழுக்க உள்ளே தள்ளினால்தான் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதிக்கு வருகிறது என்றால் அந்தக் கருவி வேண்டாம். குளிரூட்டிய அரங்கில் சுருதி இன்னும் இறங்கும், அங்கே என்ன செய்வீர்கள்?

கேள்வி: ஸ்லைடின் வளைவில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன. லாக்கர் போனதால் வந்தது, துடைத்தால் போய்விடும் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: புள்ளி எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. லாக்கர், அதாவது பித்தளை மேல் பூசும் பளபளப்பான மெல்லிய பூச்சு, உரிந்த இடத்தில் பித்தளை பழுப்பாகப் படரும், அது மேல்தோல் விவகாரம், கெடுதலில்லை. ஆனால் இளஞ்சிவப்பாக வட்டமாக இருந்து நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் அது உள்ளிருந்து வந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். எச்சிலும் ஈரமும் உள்ளே தேங்கினால் துத்தநாகம் கரைந்து போய், பஞ்சுபோல நுண்துளை விழுந்த செம்பு மட்டும் மிஞ்சும். வெளியே புள்ளி தெரிகிறது என்றால் சுவரின் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது. துடைத்தால் போகாது.

அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்லைடு வளைவில் மட்டும் என்றால் வளைவைத் தனியாக மாற்றிவிடலாம், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். லீட்பைப்பில், அதாவது மவுத்பீஸுக்கு அடுத்து உள்ளே போகும் சிறு குழாயில் இருந்தாலும் மாற்றலாம். சில கருவிகளில் அது கழற்றி மாட்டும் வகையே. உள் ஸ்லைடு குழாயில் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, துத்தநாகம் ஏறக்குறைய 30 சதவீதம் உள்ள மஞ்சள் பித்தளையில்தான் இது அதிகம். செம்பு 85, 90 சதவீதம் உள்ள கோல்ட் பிராஸ், ரோஸ் பிராஸ் வகைகளில் மிகக் குறைவு. கடற்கரை ஊர்களிலும் ஈரப்பதம் குறையாத ஊர்களிலும் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் நீரை வடித்து, உள்ளே துணி இழுத்துத் துடைத்துவிட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும், வாங்கிய பிறகு உங்கள் கையில் இருக்கும் பாதுகாப்பு அதுதான்.

கேள்வி: தேயர் வால்வ், ஹாக்மன் வால்வ், சாதா ரோட்டரி வால்வ் என்று மூன்று விதமாகச் சொல்கிறார்கள். பழைய கருவியில் எது நல்லது?

பதில்: உங்கள் ஊரில் யார் பழுது பார்ப்பார் என்று முதலில் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் பதில். சாதா ரோட்டரியில் டிரிக்கரை அழுத்தினால் காற்று சட்டென்று திரும்ப வேண்டியிருக்கும், கீழ்ச் சுரங்களில் கொஞ்சம் மூச்சடைப்பு தெரியும். அமெரிக்கரான எட் தேயர் 1970களில் கூம்பு வடிவ வால்வைக் கொண்டுவந்தார், அதில் காற்று ஏறக்குறைய நேராகப் போகும், டிரிக்கர் அழுத்தினாலும் விட்டாலும் ஒலி ஒரே மாதிரி இருக்கும். சுவிட்சர்லாந்தின் ரெனே ஹாக்மன் செய்தது இரண்டுக்கும் இடைப்பட்டது, காற்று இதமாக வளையும், இடத்தையும் அடைக்காது.

வாசிக்க தேயர் அருமை. ஆனால் பழையதாக வாங்கும்போது அதுவே அதிகக் கவலை தரும். தேய்ந்தால் கசியும், அழுக்கு சேர்ந்தால் கனத்துவிடும், அடிக்கடி சுத்தம் செய்து எண்ணெய் போட வேண்டும், பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைவு. அருகில் அப்படி ஒருவர் இல்லையென்றால் சாதா ரோட்டரியே எடுங்கள். தலைசிறந்த வாசிப்பாளர்கள் பல்லாண்டு அதில்தான் வாசித்தார்கள். ஓப்பன் ராப், அதாவது எஃப் குழாயை வளைவு குறைத்து வெளியே நீட்டிச் சுற்றியது, கிடைத்தால் நல்லது. ஆனால் அந்த நீட்டிய பகுதி பெல்லுக்குப் பின்னால் துருத்திக்கொண்டு நிற்பதால் சுவரிலும் கதவிலும் இடித்திருக்கும், ஒடுக்கு இருக்கிறதா என்று அங்கே பாருங்கள்.

எந்த ரோட்டரியாக இருந்தாலும் சோதனை சுலபம். எஃப் ட்யூனிங் ஸ்லைடைக் கழற்றி வைத்துவிட்டு, டிரிக்கரை அழுத்தாமல் பி ஃபிளாட் ஊதுங்கள். திறந்திருக்கும் குழாய் வாய்களில் உள்ளங்கையை வைத்தால் காற்று படவே கூடாது. பட்டால் ரோட்டர் தேய்ந்திருக்கிறது. டிரிக்கர் டக் டக்கென்று சத்தம் போடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ரப்பரும் இணைப்பும் மாற்றினால் அடங்கிவிடும்.

கேள்வி: சென்னையில் தேவாலய இசைக்குழுவிலும் மேடைக் கச்சேரிகளிலும் வாசிக்கிறேன், எப்போதாவது ஒலிப்பதிவுக்கும் கூப்பிடுகிறார்கள். எனக்கும் 0.547 போர்தான் வேண்டுமா? பெரியதை வாங்கினால்தான் மதிப்பு என்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: வேண்டாம். நண்பர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் உங்கள் வேலை வேறு. மேடையில் இரண்டு டிரம்பெட், ஒரு சாக்ஸபோன் பக்கத்தில் நின்று மைக்கில் வாசிக்கும்போது பெரிய போர் கருவி மங்கலாகக் கேட்கும், நீங்கள் அதைப் பளிச்சென்று ஆக்க மூச்சைக் கொட்டி மூன்றாவது பாட்டிலேயே களைத்துப் போவீர்கள். 0.500 முதல் 0.508 அங்குலம் வரை உள்ள கருவி உங்களுக்குப் பொருத்தம். கிங் 3பி இந்த வகையில் பேர்போனது, 0.508 போர், 8 அங்குல பெல், பழைய சந்தையில் தாராளமாக வருகிறது. யமஹா 891இசட் அதே போர் உள்ள நல்ல கருவி. கான் 6எச் 0.500. கிங் 2பி இன்னும் சிறியது, 0.481இல் தொடங்கி 0.491 ஆகும் இரட்டைப் போர், மேல் ஸ்தாயியில் பறக்கும், ஆனால் எல்லா வேலைக்கும் அதை வைத்துச் சமாளிப்பது சிரமம்.

தேவாலயத்தில் பாடகர் குழுவோடு நான்கு குரலில் வாசிப்பது அதிகம் என்றால் நடுவில் ஒன்று இருக்கிறது: 0.525 போர், பாக் 36பி மாதிரி. எஃப் அட்டாச்மென்ட் கிடைக்கும், சிறிய ஷாங்க் மவுத்பீஸே போதும், மைக்கிலும் அடங்கும், கூட்டுப் பாடலிலும் குழையும். இந்த அளவை இளைஞர்கள் கண்டுகொள்வதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரே கருவியில் பலவித வேலை செய்பவருக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பழைய ஓல்ட்ஸ் கருவிகளும் கண்ணில் படும். அந்த நிறுவனம் 1979இல் மூடப்பட்டது, உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்காது. ஸ்லைடு சரியாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

கேள்வி: பெல்லில் ஒடுக்கு எடுத்த தடம் தெரிகிறது, புதிதாக லாக்கர் போட்டு மின்னுகிறது. வாங்கலாமா?

பதில்: ஒடுக்கு எடுத்தது பரவாயில்லை. விளிம்பிலிருந்து ஓடும் விரிசலோ மடிப்போ இருந்தால் யோசியுங்கள். புது லாக்கரைத்தான் நான் சந்தேகிப்பேன். லாக்கர் போடும் முன் பெல்லைப் பஃப் போட்டுத் தேய்ப்பார்கள், அதிகம் தேய்த்தால் உலோகம் மெலியும், ஒலி மாறும். பொறித்த எழுத்துகளைப் பாருங்கள். ஆழமாகக் கூர்மையாக இருந்தால் நல்லது, மழுங்கிப் போயிருந்தால் நிறையத் தேய்த்திருக்கிறார்கள். எனக்கு லாக்கர் உரிந்து பழுப்பேறிய, கை படாத பெல்லே பிடிக்கும், விலையும் குறைவு.

கேள்வி: பழைய 88எச் ஒன்றில் என் பெரிய ஷாங்க் மவுத்பீஸ் ஆடுகிறது. லீட்பைப் தேய்ந்துவிட்டதா?

பதில்: தேய்ந்திருக்கலாம், ஆனால் அதற்கு முன் ஒன்று. அந்தக் காலத்து 88எச்கள் பலவற்றில் மவுத்பீஸ் செருகும் துளை, இன்று எல்லோரும் வைத்திருக்கும் சரிவில் செய்யப்பட்டதல்ல. ரோசெஸ்டரின் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் 1922 முதல் பல தலைமுறை டிராம்போன்காரர்களுக்குப் பாடம் சொன்ன எமரி ரெமிங்டன் பெயரில் கான் ஒரு மவுத்பீஸ் செய்தது, அதன் ஷாங்க் சரிவு வேறு. அதற்கேற்ற துளையில் சாதாரண பெரிய ஷாங்க் விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே ஆடும். ரெமிங்டன் ஷாங்க் உள்ள ஏதாவது ஒரு மவுத்பீஸை இரவல் வாங்கிப் பொருத்திப் பாருங்கள், கெட்டியாக உட்கார்ந்தால் கருவியில் குறையே இல்லை. உங்கள் மவுத்பீஸையே வைத்துக்கொள்ள விரும்பினால் லீட்பைப்பை மாற்றலாம், ஆனால் பழையதை எறியாமல் பத்திரப்படுத்துங்கள், பிறகு விற்கும்போது கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் நல்ல கருவி எதுவும் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கலாம் என்றிருக்கிறேன். ஊதிப் பார்க்காமல் வாங்குவது சரியா? (மதுரை வாசகர்)

பதில்: வேறு வழியில்லை என்றால் வாங்கலாம், ஆனால் படத்தைப் பார்த்து அல்ல. மேலே சிங்கப்பூர் வாசகருக்குச் சொன்ன சோதனைகளை விற்பவரை வீடியோவில் செய்து காட்டச் சொல்லுங்கள். உள் குழாய்களைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டட்டும், ஒற்றைக் குழாயாக ஓட்டிக் காட்டட்டும், முனைகளை அடைத்தும் திறந்தும் ஸ்லைடு இறங்குவதைக் காட்டட்டும். வளைவின் அடிப்பக்கம், பெல்லுக்குப் பின்னுள்ள குழாய்கள், விளிம்பு, ஸ்லைடும் பெல்லும் பூட்டும் இடம், இவற்றைக் கிட்டத்தில் கேளுங்கள். ஸ்லைடும் பெல்லும் சேர்ந்தே வந்தவையா என்றும் கேளுங்கள். வேறு கருவியின் ஸ்லைடாக இருந்தால் அதுவே பெரிய குற்றமில்லை, ஆனால் பாக்கும் கானும் ஒரே மாதிரி பூட்டுவதில்லை, அதைப் பொருத்துவதற்காக யாரோ அராவியிருக்கலாம். அசல் வாசிப்பாளராக இருந்தால் இவ்வளவும் கேட்பவரை மதித்துச் செய்துகொடுப்பார். தட்டிக் கழிப்பவரிடம் வாங்காதீர்கள்.

பணம் அனுப்பும் முன் திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம், தபால் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுங்கவரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சில சமயம் சென்னையிலோ பெங்களூரிலோ கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும் கருவியே லாபமாக இருக்கும், அங்கே ஊதிப் பார்க்கவும் முடியும்.

கட்டும் முறையையும் நீங்களே சொல்ல வேண்டும், விற்பவர் கவனமானவராக இருந்தாலும்கூட. மவுத்பீஸ், எண்ணெய்ப் புட்டி, கிரீம் டப்பா எதுவும் பெட்டிக்குள் தளர்வாக இருக்கக் கூடாது, வழியில் அவை உருண்டு உருண்டு ஸ்லைடில்தான் மோதும். ஸ்லைடை லாக் செய்து துணியால் சுற்றி அசையாமல் வைக்க வேண்டும். பெல்லின் உள்ளேயும் அதன் வாய்க்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவிலும் மெத்தென்று ஏதாவது திணிக்க வேண்டும், பெட்டி தலைகீழாக விழுந்தால் விளிம்பு மடிவது அங்கேதான். பிறகு அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் நாலு பக்கமும் இடைவெளி நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். வந்து சேர்ந்ததும் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுங்கள், ஊதுவதற்கு முன் ஸ்லைடைக் கழற்றி ஒற்றைக் குழாய்ச் சோதனையை நீங்களே ஒருமுறை செய்துவிடுங்கள். அதில் ஏதாவது தடுக்கினால் எண்ணெய் போடாமல், துடைக்காமல், அன்றைக்கே விற்பவருக்கு எழுதுங்கள்.